சூடு வருவதற்குள் ஒன்றேகால் வாளி
குழாய், தாங்கி, கீசர்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் வீடு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கிறது. கீழ் வீடும் மேலே இரண்டு மாடிகளும். மொட்டைமாடியில் உள்ள சாமான் அறையில் 80 லீற்றர் கீசர் ஒன்று இருக்கிறது. அதிலிருந்துதான் மூன்று குளியலறைகளுக்கும் குசினிக்கும் சுடுதண்ணீர் வருகிறது. 78 வயது அம்மா கீழ் அறையில் இருக்கிறார். அவர் குளிக்க பைப்பைத் திறந்தால் 10 லீற்றர் வாளி நிறைந்து, இரண்டாவது வாளியிலும் கால்வாசி ஏறிய பிறகுதான் சூடு தெரிகிறது. அதற்காகவே கீசரை நாள் முழுக்கப் போட்டு வைக்கிறோம். கரண்ட் பில்லைப் பார்க்கவே பயமாக இருக்கிறது. வந்து பார்த்த ஒருவர் 120 லீற்றர் கீசர் போடச் சொன்னார். இன்னொருவர், சுடுதண்ணீரைச் சுற்றவிடும் பம்ப் ஒன்று பூட்டினால் திறந்தவுடன் சூடு வரும் என்கிறார். வீடு முழுக்கக் குழாயை மாற்ற வேண்டுமா? இருப்பது 32 எம்.எம். பி.பி.ஆர். குழாய், சூடு தாங்கும் பிளாஸ்டிக். கீசரிலிருந்து அம்மாவின் பைப் வரை அளந்து பார்த்தோம், 24 மீற்றர்.
ஒரு மகள், வெள்ளவத்தை

பதில்: தங்கச்சி, அளந்து எழுதியதற்கு நன்றி. கொழும்பில் முப்பது வருடத்துக்கு மேலாகக் குழாய் வேலை செய்கிறேன். குழாயின் நீளத்தை அளந்து வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டவர்கள் மிகக் குறைவு. அந்த 24 மீற்றரும் 32 எம்.எம்.மும் கையில் இருந்தால் பாதி விடை வந்துவிட்டது. உங்கள் கீசரில் ஒரு குறையும் இல்லை. காசு போவது குழாய்க்குள்.

என் மாமா கொட்டாஞ்சேனையில் பைப் பாஸாக இருந்தவர். அவரிடம்தான் தொழில் பழகினேன். வேலைக்குப் போன முதல் வாரமே, வெட்டிப்போட்ட துண்டுக் குழாய் ஒன்றின் அடியைக் கையால் பொத்திக்கொண்டு, தண்ணீர் நிரப்பி, தேநீர்க் கிளாசில் ஊற்றிப் பார் என்றார். இன்றைக்கு என்னிடம் பழக வரும் பையன்களுக்கும் அதையேதான் செய்து காட்டுகிறேன். 20 எம்.எம். குழாயில் ஒரு மீற்றர் துண்டை நிரப்பி ஊற்றினால் ஒரு பிளேன்டீ கிளாஸ்கூட முட்ட நிறையாது, 137 மில்லிலீற்றர்தான். 25 எம்.எம். என்றால் 216. உங்கள் வீட்டில் இருக்கும் 32 எம்.எம். என்றால் 353, அதாவது இரண்டரைக் கிளாஸ். கடையில் சொல்லும் எம்.எம். வெளிவிட்டம் என்பதையும் நினைவில் வையுங்கள். சுடுதண்ணீருக்குப் போடும் தடித்த குழாயில் உள்துளை நன்றாகச் சிறுத்திருக்கும்: 20க்கு 13.2, 32க்கு 21.2.

இப்போது 353ஐ 24ஆல் பெருக்குங்கள். எட்டரை லீற்றர் வரும். அம்மா பைப்பைத் திறக்கும்போது ஆறிப்போன எட்டரை லீற்றர் குழாய்க்குள் நிற்கிறது. அது வெளியே போனால்தான் பின்னால் இருக்கும் சூடு அம்மாவிடம் வரும். பின்னால் வருவதும் வழியெல்லாம் குளிர்ந்த குழாய்ச் சுவரைச் சூடாக்கிக்கொண்டுதான் வரும். அதனால் எட்டரை பன்னிரண்டரை ஆகிறது. உங்கள் ஒன்றேகால் வாளி அதுதான்.

தண்ணீர் வீணாவது கண்ணுக்குத் தெரிகிறது. கரண்ட் வீணாவது தெரிவதில்லை. அம்மா குளித்து முடித்து பைப்பைப் பூட்டும்போது குழாய் நிறைய 60 பாகைத் தண்ணீர் நிற்கும். கொஞ்ச நேரத்தில் அந்தச் சூடு முழுக்கச் சுவருக்குள் போய்விடும். ஒரு லீற்றர் தண்ணீரை ஒரு பாகை சூடாக்க 1.16 வோட் மணி வேண்டும்; ஆயிரம் வோட் மணிதான் ஒரு யூனிட். கொழும்பில் தாங்கித் தண்ணீர் 28 பாகை என்று வைத்துக்கொண்டால், எட்டரை லீற்றரை 60 பாகைக்கு ஏற்ற 0.3 யூனிட்டுக்கு மேல் போகும். அம்மா 30 லீற்றர் இளஞ்சூட்டில் குளிக்கிறார் என்றால், அதை 28இலிருந்து 40 பாகைக்குக் கொண்டுவர 0.4 யூனிட் போதும். அம்மாவின் உடம்பில் படுவது 0.4, சுவருக்குள் போவது 0.3! குளியல், முகம் கழுவல், குசினி என்று கீழ் வீட்டில் ஒரு நாளைக்கு நான்கு தடவை இடைவெளி விட்டுத் திறந்தால் மாதத்துக்கு 38 யூனிட்டளவு யாருக்கும் பயன்படாமல் போகிறது. யூனிட் கூடக் கூட விலையும் ஏறும் கட்டண முறையில், அந்த 38உம் பில்லின் மேல்படியில்தான் வந்து ஏறும். 2022 ஓகஸ்டில் கட்டணம் ஏறியபோது பலர் என்னைக் கூப்பிட்டு கீசரை மாற்றச் சொன்னார்கள். நான் முதலில் குழாயைத்தான் பார்த்தேன்.

ஒன்று சொல்ல வேண்டும். தடித்த குழாய் போட்டவரைத் திட்ட வேண்டாம். பம்பலப்பிட்டியில் ஒரு வீட்டுக்கு நானே ஒரு அங்குல ஜி.ஐ. (நாகம் பூசிய இரும்பு) குழாயைச் சுடுதண்ணீருக்கு இழுத்திருக்கிறேன். பெரிய குழாய் போட்டால் நல்ல வேலை என்று அப்போது மனதார நம்பினேன். அந்த வீட்டு அம்மா காலையில் பைப்பைத் திறந்துவிட்டுப் போய் சாமி விளக்கேற்றிவிட்டு வருவார், அதற்குள் சூடு வந்திருக்கும் என்று. அதை நேரில் பார்த்த நாளிலிருந்து எனக்கு அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

சரி, உங்களுக்குச் சொன்ன இரண்டு யோசனைகளுக்கு வருவோம். 120 லீற்றர் கீசர் போட்டால் குழாய் குறையாது. நாள் முழுக்கச் சூடாக வைத்திருக்க வேண்டிய தண்ணீர்தான் கூடும். சுற்றவிடும் பம்ப் நல்ல சாதனம். நுவரெலியாவில் ஐம்பது அறை ஹோட்டல் என்றால் நானே போடச் சொல்லுவேன். அங்கே எந்த நேரமும் யாராவது ஒருவர் பைப்பைத் திறந்துகொண்டிருப்பார். உங்கள் வீட்டில் போகக் குழாய், திரும்பக் குழாய் என்று 48 மீற்றர் நீளத்துக்கும் தண்ணீர் சூடாகவே ஓடிக்கொண்டிருக்கும். இப்போது நாளுக்கு நான்கு தடவை சுவருக்குள் போகும் சூடு அப்போது விடாமல் போகும். வாளித் தண்ணீர் மிச்சம், கரண்ட் நட்டம்.

கீசருக்குள் சுண்ணாம்பு படிந்திருக்கும், கழுவ வேண்டும் என்று அடுத்த ஆள் வந்து சொல்லக்கூடும். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் என்றால் நானும் அதைத்தான் முதலில் பார்ப்பேன். கொழும்புக்கு வருவது பெரும்பாலும் களனி ஆற்றுத் தண்ணீரும் லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கத் தண்ணீரும். மென்மையான தண்ணீர். இங்கே சுண்ணாம்பைக் குற்றம் சொல்ல அவ்வளவு இடமில்லை.

செய்ய வேண்டியது இதுதான். அம்மாவின் குளியலறையிலேயே 15 லீற்றர் கீசர் ஒன்றைப் பூட்டுங்கள். பைப்புக்கும் அதற்கும் இடையே 20 எம்.எம். குழாயில் இரண்டு, மூன்று மீற்றருக்கு மேல் போகக்கூடாது. மூன்று மீற்றர் என்றால் உள்ளே நிற்பது மூன்று பிளேன்டீ கிளாஸ்கூட இல்லை. 15 லீற்றர் அம்மாவுக்குப் போதுமா என்று யோசிப்பீர்கள். கொழும்பின் வெக்கை இந்த ஒரு விஷயத்தில் நமக்கு உதவி. நம் தண்ணீரை 12 பாகை ஏற்றினாலே குளியலுக்கு இதமாகிவிடும். 60 பாகையில் உள்ள 15 லீற்றரை 28 பாகைத் தண்ணீரோடு கலந்தால் 40 பாகையில் 40 லீற்றர் வரும். எடுக்க எடுக்க உள்ளே பச்சைத் தண்ணீர் புகுவதால் கொஞ்சம் குறைத்து 35 என்று வையுங்கள். அம்மாவுக்கு அது தாராளம். 1,500 வோட் கீசர் அதைச் சூடாக்க 22 நிமிடம் எடுக்கும். அம்மா தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு உட்காரும்போது சுவிட்சைப் போட்டால், எண்ணெய் ஊறி எழும்பும்போது தண்ணீர் தயார். கீசரின் விளக்கு அணைந்த பிறகு சுவிட்சையும் அணைத்துவிட்டுக் குளிக்கட்டும்.

தாங்கியில்லாமல் உடனடியாகச் சூடாக்கும் சின்னப் பெட்டி போடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. 3,500 வோட் பெட்டி ஒன்று நிமிடத்துக்கு நான்கு லீற்றரளவைத் தேவையான சூட்டுக்கு ஏற்றும். குளிர் ஊரில் அது எதற்கும் காணாது, கொழும்பில் ஒரு ஆளுக்குப் போதும். ஆனால் அம்மா வாளியில் ஊற்றிக் குளிப்பவர் போலத் தெரிகிறது. 20 லீற்றர் வாளி நிறைய ஐந்து நிமிடம் நிற்க வேண்டும். குளித்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் உடனே பச்சைத் தண்ணீர். 15 லீற்றர் கீசரில் சூடாகி நிற்பது அப்படியே நிற்கும். வயதானவருக்கு நான் அதைத்தான் போடுவேன்.

கீசரை 50க்கு இறக்கி வைத்தால் கரண்ட் மிச்சம் என்று சிலர் சொல்வதைக் கேட்காதீர்கள். லெஜியனெல்லா என்ற நுரையீரல் கிருமி 20க்கும் 45க்கும் இடைப்பட்ட வெதுவெதுப்பில்தான் பெருகும். முதியவர்களைத்தான் அது கூடுதலாகத் தாக்கும். தாங்கிக்குள் 60 இருக்கட்டும். ஆனால் 60 பாகைத் தண்ணீர் ஐந்தே விநாடியில் தோலைச் சுட்டுவிடும். அம்மாவின் தோல் மெல்லியது, கையை இழுக்கவும் நேரமெடுக்கும். அதனால் கீசருக்கு வெளியே, சூட்டைத் தானாக மட்டுப்படுத்தும் கலப்பு வால்வு ஒன்றைப் பூட்டி 41இல் நிறுத்துங்கள். குறைந்த அழுத்தத்திலும் வேலை செய்யுமா என்று பெட்டியில் பார்த்து வாங்குங்கள். அதைப் பூட்டும் வரைக்கும் வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு சுடுதண்ணீர். இந்த ஒழுங்கை யாரும் மாற்றக்கூடாது. கீசருக்குத் தனி வயர், ஏர்த், 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் மூன்றும் கட்டாயம். சுவிட்ச் குளியலறைக்கு வெளியே இருக்கட்டும். இதை மின் வேலை தெரிந்தவரைக்கொண்டு செய்யுங்கள், என்னைப் போன்ற பைப் பாஸைக்கொண்டு வேண்டாம்.

அடுத்து மேல் கீசர். கீழே வரும் கிளையை, அது பிரியும் T வடிவ முடிச்சிலேயே வெட்டி மூடிவிடச் சொல்லுங்கள். சிலர் கீழே பைப்பை மட்டும் கழற்றி அடைத்துவிட்டுப் போவார்கள். அப்படி விட்டால் அந்தக் குழாய் நிறைய ஓடாத வெதுவெதுப்புத் தண்ணீர் வருடக்கணக்கில் நிற்கும், நான் மேலே சொன்ன கிருமிக்கு வீடு கட்டிக்கொடுத்தது போல. குசினிக்கும் மேலிருந்து சுடுதண்ணீர் வேண்டாம். எண்ணெய்ச் சட்டி கழுவ ஒரு கேத்தல் தண்ணீர் போதும்.

மேல் இரண்டு மாடிகளுக்கு 32ஐ எடுத்துவிட்டு 25 போடலாம். 20 வேண்டாம், ஏனென்று சொல்கிறேன். தாங்கி 10 மீற்றர் உயரத்தில் இருந்தால்தான் ஒரு பார் அழுத்தம். உங்கள் மேல்மாடி ஷவருக்கும் தாங்கிக்கும் இடையில் இரண்டு மீற்றர்தான் இருக்கும். 13 எம்.எம். துளைக்குள்ளால் அந்த அழுத்தத்தில் தண்ணீர் நூல் போலத்தான் வரும். சின்னக் குழாய் நல்லது என்பது அழுத்தம் உள்ள இடத்தில் மட்டும். டைல்ஸ் உடைக்கவும் வேண்டாம். புதுக் குழாயை வெளிச்சுவரில் இறக்கி, ஏ.சி. வேலைக்காரர் செப்புக் குழாய்க்குப் போடும் கறுப்பு ரப்பர் உறையைப் போடுங்கள். பழைய சோனகத் தெருவிலும் ஏ.சி. சாமான் கடைகளிலும் கிடைக்கும். வெயில் படும் இடத்தில் உறைக்கு மேல் அலுமினியம் டேப் சுற்றாவிட்டால் அது பொருக்காகி உதிர்ந்துவிடும்.

வேலை நடக்கும்போது ஒரு பொருத்தையாவது பக்கத்தில் நின்று பாருங்கள். பி.பி.ஆர். குழாயை 260 பாகைச் சூட்டுக் கருவியில் வைத்துத்தான் ஒட்டுவார்கள். 25 எம்.எம்.முக்கு ஏழு விநாடி. எண்ணி எடுத்து, முறுக்காமல் நேராகத் தள்ளி, அசையாமல் பிடிக்க வேண்டும். சரியாக வந்தால் வெளியே மோதிரம் போல ஒரு வளையம் ஒரே தடிப்பில் நிற்கும். கூடுதலாக உருக்கி ஓங்கித் தள்ளினால் உருகியது உள்பக்கம் வழிந்து துளையை அடைக்கும். அழுத்தமே இல்லை என்று கூப்பிட்ட ஒரு வீட்டில் நான் வெட்டி எடுத்த முழங்கை முடிச்சுக்குள் ஒரு பென்சில்தான் நுழைந்தது. வெளியில் பார்த்தால் அழகான வேலை. பாஸ் விநாடி எண்ணாமல் கதைத்துக்கொண்டே ஒட்டினால், தயங்காமல் சொல்லுங்கள்.

மேல் கீசரையும் நாள் முழுக்கப் போட்டு வைக்க வேண்டாம். பைப்பை யாரும் திறக்காவிட்டாலும் அந்த அளவுள்ள தாங்கி சூடாக நிற்பதற்கே நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு யூனிட் எடுக்கும். காலையில் ஒரு தடவை, பின்னேரம் ஒரு தடவை. எல்லாரும் அடுத்தடுத்துக் குளித்தால் குழாய் ஒரு தடவைதான் ஆறும்.

கேள்வி: பிரஷர் பம்ப் பூட்டிய பிறகு எங்கள் 50 லீற்றர் கீசரின் பாதுகாப்பு வால்விலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பார்க்க வந்தவர் வால்வின் வாயில் ஒரு பிளக்கை முறுக்கி அடைத்துவிட்டுப் போய்விட்டார். இப்போது சொட்டுவதில்லை. இது சரியா?
வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: ஐயா, இந்த இதழைக் கீழே வைத்துவிட்டு முதலில் கீசர் சுவிட்சை அணையுங்கள். அந்த பிளக்கைக் கழற்றும் வரை மறுபடி போடாதீர்கள். தண்ணீர் சூடானால் பெருக்கும். 28இலிருந்து 60க்கு ஏறும்போது 50 லீற்றர் அரை லீற்றருக்கு மேல் கூடும். பம்ப் பூட்டும்போது திரும்பா வால்வு ஒன்றும் சேர்த்துப் போட்டிருப்பார்கள். அதனால் கூடிய தண்ணீர் பின்னால் போக வழியில்லை. அதற்கு இருந்த ஒரே வாசல் அந்த வால்வுதான். சூடேறும்போது சொட்டுவது அது வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். வால்வின் கீழே ஒரு குழாயைப் பூட்டி வடிகாலுக்கு விடுங்கள். அதன் முனை திறந்தே இருக்க வேண்டும், நடுவில் எந்தப் பூட்டும் இருக்கக்கூடாது.

சூட்டைக் கட்டுப்படுத்தும் தேர்மோஸ்டாட் ஒரு நாள் பழுதாகிவிட்டால் தண்ணீர் 100 பாகையைத் தாண்டியும் உள்ளே அடைபட்டு நிற்கும். தாங்கி கிழிந்த கணத்தில் அதில் ஒரு பகுதி நீராவியாகும். நீராவி தண்ணீரைப்போல 1,600 மடங்கு இடம் கேட்கும். அடைத்த வால்வோடு, வயிறு பூசணிக்காய் போல ஊதி நின்ற ஒரு கீசரை நான் கழற்றியிருக்கிறேன். அந்த வீட்டுக் குழந்தை அதற்கு நேர் கீழே நின்றுதான் தினமும் குளித்தது. சூடேறாத நேரத்திலும் சொட்டினால் பம்பின் அழுத்தம் அதிகம், அல்லது வால்வின் இருக்கையில் மண் சிக்கியிருக்கிறது. அழுத்தத்தைக் குறைக்கலாம், வால்வை மாற்றலாம். அடைக்க மட்டும் கூடாது.

கேள்வி: பச்சைத் தண்ணீருக்குப் போட்ட பி.வி.சி. குழாய் மிச்சம் இருந்ததால் அதையே சுடுதண்ணீருக்கும் போட்டோம். எட்டு மாதத்தில் இரண்டு பொருத்துகள் விட்டுவிட்டன. நல்ல பசை எது?
வாசகர், தெஹிவளை

பதில்: பசையில் குறை இல்லை. சாதாரண பி.வி.சி. 60 பாகையில் தன் பலத்தில் பெரும் பகுதியை இழந்து தொய்ந்துவிடும். எந்தப் பசை போட்டாலும் அடுத்த பொருத்து விடும். குளித்துக்கொண்டிருப்பவர் மேல் விட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். முழுவதையும் எடுத்துவிட்டு, சூடு தாங்கும் சி.பி.வி.சி. அல்லது பி.பி.ஆர். போடுங்கள். எடுத்த பி.வி.சி. பூந்தோட்டத்துக்கு உதவும்.

கேள்வி: பம்பலப்பிட்டியில், மரைன் டிரைவுக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. கூரையில் சோலர் சுடுதண்ணீர் போட்டால் கரண்ட் செலவே இராது என்கிறார்கள். நம்பலாமா? அதற்கு மின்சூடாக்கியும் உள்ளேயே வருகிறதாம்.
வாசகி, பம்பலப்பிட்டி

பதில்: நம்பிப் போடலாம், கூரையில் இடமும் நிழலில்லாத வெயிலும் இருந்தால். நாம் பூமத்திய ரேகையிலிருந்து ஏழு பாகைக்குள் இருக்கிறோம், அதனால் தகடு எந்தத் திசை பார்த்தாலும் பெரிய வித்தியாசம் வராது. சூடான தண்ணீர் தானாக மேலே ஏறித் தாங்கிக்குள் போக வேண்டும் என்பதால் சரிவு மட்டும் வேண்டும். கடற்காற்றில் இரும்புச் சட்டம் சீக்கிரம் துருப்பிடித்துவிடும். அலுமினியம் அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சட்டம் என்று கேட்டு வாங்குங்கள். வெள்ளவத்தைத் தங்கச்சிக்குச் சொன்ன குழாய்க் கணக்கு உங்களுக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும். வெயில் இலவசமாகத் தந்த சூட்டை நீளக் குழாயில் ஆறவிட்டால் அம்மியில் அரைத்ததை ஆற்றில் கரைத்த கதைதான். வெயில் உச்சத்தில் தண்ணீர் 60ஐத் தாண்டி நன்றாகக் கொதிப்பேறும். கலப்பு வால்வு இல்லாமல் பைப்பைத் திறக்கக்கூடாது.

அந்த மின்சூடாக்கியைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். பல வீடுகளில் அதைத் தானாக வேலை செய்யும்படி விட்டிருப்பார்கள். இரவு எல்லாரும் குளித்து முடித்ததும் தாங்கியில் பச்சைத் தண்ணீர் நிறையும். உடனே மின்சூடாக்கி விழித்து, விடிய முன்பே அதைச் சூடாக்கி வைத்துவிடும். காலையில் வெயில் வரும்போது அதற்குச் செய்ய வேலையே இருக்காது. கூரையில் சோலரும் கையில் பழைய பில்லும் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தவர்கள் பலர். அதற்குத் தனி சுவிட்ச் வைத்து, கீழ் வீட்டில் கைக்கெட்டும் இடத்தில் பூட்டச் சொல்லுங்கள். வைகாசி, ஐப்பசி மழையில் இரண்டு நாள் வெயிலே காணாவிட்டால் குளிக்க ஒரு மணி நேரத்துக்கு முன் போடுங்கள், குளித்ததும் அணையுங்கள். மற்ற நாட்களில் அது அணைந்தே கிடக்கட்டும். விற்பவர் காசு வாங்கும் முன் அந்தச் சுவிட்ச் எங்கே வரும் என்று சுவரில் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.